பனங்கூடலும் சிங்கச் செருக்கும்

இன்றைய உரையை ஒரு குற்ற ஒப்புதலுடன் ஆரம்பிக்க விரும்புகின்றேன். 2023 ஆம் ஆண்டில், நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரியின் ஆறாந் தர மாணவருக்குத் தவணைப் பரீட்சை நடத்தினோம். வினாத்தாளில் தொகுதிப் பெயர் பற்றிய வினா ஒன்றும் இருந்தது. ஆடு, எறும்பு, திறப்பு, வாழைப்பழம், பனை என ஐந்து சொற்கள். மந்தை, சாரை, கோர்வை, சீப்பு, தோப்பு என்பன விடைத் திட்டத்தில் இருந்த சொற்கள். ஒரு மாணவன் ஐந்தாவதற்குப் 'பனங்கூடல்' என எழுதியிருந்தான். இரவு நெடுநேரம் விடைத்தாள்களுடன் அமர்ந்திருந்த எனது கை, சிவப்புப் பேனையால் அதனை வெட்டிவிட்டு அடுத்த தாளுக்குச் சென்றது.

தாள்கள் திருப்பிக் கொடுக்கப்பட்ட அன்று அவன் என் மேசையருகே வந்து நின்றான். "சேர், எங்கட அம்மம்மா வீட்டுக்குப் பின்னால நிக்கிறது பனங்கூடல்தானே? தோப்பு எண்டு அங்க ஒருத்தரும் சொல்லுறேல்லை" என்றான். நான் பிறந்து வளர்ந்த ஊரிலும் அது பனங்கூடல்தான். எனது தாயார் மாலையில் பனங்கூடலுக்குள் நிற்கும் ஆட்டைக் கூட்டிவரச் சொல்லுவாரே தவிர, பனந்தோப்பு என ஒருநாளும் சொன்னதில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும், "விடைத் திட்டத்தில அப்பிடித்தான் இருக்கு, தம்பி" எனச் சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால், அதன் பின்னர் பல வாரங்களாக எனது பாடத்தில் கை உயர்த்தவும் இல்லை.

அந்த உயர்த்தப்படாத கைதான் தொகுதிப் பெயர்களின் வரலாற்றை நோக்கி என்னைத் துரத்தியது. தேடிச் சென்ற இடம் நமது நாடு அன்று; ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இங்கிலாந்து.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1990களின் முற்பகுதியில், மின்சாரம் அற்ற யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் நான் மனனஞ் செய்தவற்றுள் ஆங்கிலத் தொகுதிப் பெயர்ப் பட்டியலும் ஒன்று. சிங்கங்களுக்குப் 'பிரைட்', அதாவது செருக்கு. காகங்களுக்கு 'மேர்டர்', அதாவது கொலை. வானம்பாடிகளுக்கு 'எக்சால்ரேஷன்', அதாவது உயரப் பறக்கும் பெருங்களிப்பு. சிங்கத்தை நேரிற் கண்டறியாத நாங்கள் சிங்கச் செருக்கைப் பிழையின்றி ஒப்புவித்தோம். ஒரு சொல் பிழைத்தால் உள்ளங்கையில் ஓர் அடி. இச்சொற்களை யார் ஆக்கினர், எதற்காக ஆக்கினர் என அன்று நாங்கள் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை.

இலண்டனுக்கு வடக்கே சென்ற் ஓல்பன்ஸ் எனும் ஊர் உள்ளது. பெரியதொரு துறவியர் மடத்தின் நிழலில் வளர்ந்த ஊர் அது. அங்கிருந்து 1486 ஆம் ஆண்டில் ஒரு நூல் அச்சாகி வெளிவந்தது. 'சென்ற் ஓல்பன்ஸ் புத்தகம்' என்பது அதற்கு வழங்கும் பெயர். வல்லூறு கொண்டு வேட்டையாடுதல், காட்டு விலங்கு வேட்டை, குலச் சின்னங்கள் ஆகியவை அதன் பொருள். குலச் சின்னக் கேடயங்களை நிறங்களில் அச்சிட்டமையால், இங்கிலாந்தின் நிற அச்சு வரலாற்றில் முதலிடம் பெறுவதும் இந்நூலே. வேட்டைப் பகுதியின் முடிவில் ஜூலியானா பேர்னர்ஸ் எனும் பெண்மணியின் பெயர் காணப்படுகின்றது. அவர் ஒரு கன்னியர் மடத்துத் தலைவி என்பது வழிவழியாக வந்த செய்தி; அதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை. இந்நூலை அச்சிட்டவரது பெயரும் மறைந்துபோயிற்று. பின்னர் அச்சுக்கலையிற் புகழ்பெற்ற விங்கின் டி வேர்ட் என்பார் அவரைச் சென்ற் ஓல்பன்சின் 'முன்னாட் பள்ளி ஆசிரியர்' என்று மாத்திரம் குறித்துச் சென்றுள்ளார். ஆகவே வரலாற்றில் அவர் 'பள்ளி ஆசிரிய அச்சகர்' என்ற பெயராலேயே அறியப்படுகின்றார். பெயர்ப் பட்டியலொன்றை உலகுக்குத் தந்தவரின் பெயர் எஞ்சவில்லை, தொழிலே எஞ்சியது. ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இச்செய்தி மிக நெருக்கமாகப் பட்டது.

அந்நூலில் விலங்குகளினதும் பறவைகளினதும் கூட்டங்கள் எனும் தலைப்பில் ஒரு பட்டியல் உண்டு. 160க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் அடங்கியுள்ளன. இவ்வகைப் பட்டியல்கள் அதற்கு முன்னரே கையெழுத்துப் பிரதிகளில் வழங்கின எனினும், அச்சேறிப் பரவிய பின்னரே நிலைபெற்றன. 1496 இல் விங்கின் டி வேர்ட் இந்நூலை மறுபடியும் அச்சிட்டார். அப்பதிப்பில் தூண்டில் மீன்பிடி பற்றிய பகுதியொன்றும் சேர்ந்துகொண்டது.

வேட்டை நூலில் இப்படியொரு சொற்பட்டியல் எதற்கு? அக்கால இங்கிலாந்தில் வேட்டை என்பது உணவு தேடும் தொழில் மாத்திரம் அன்று. அது உயர்குடியின் அடையாளமாகவும் இருந்தது. 1066 இல் நோர்மானியர் வென்ற பின்னர் ஆள்வோரின் மொழியாகப் பிரெஞ்சு அமர்ந்தது. வேட்டைச் சொற்கள் பலவும் அதனுடன் வந்தவை. மான் கூட்டத்துக்கு ஒரு சொல்லும், கௌதாரிக் கூட்டத்துக்கு வேறொரு சொல்லும் அறிந்தவன் பெருங்குடி மகன். எல்லாவற்றையும் 'கூட்டம்' என்று சொல்பவன் நாட்டுப்புறத்தான். வாய் திறந்தால் குலம் தெரிந்துவிடும் என்ற ஏற்பாடு அது.

சொல்லுக்குப் பின்னால் சட்டமும் நின்றது. ஆண்டுக்கு 40 சிலிங் வருமானம் தரும் நிலம் இல்லாத பொதுமகன் வேட்டை நாய் வைத்திருக்கலாகாது என 1390 இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1381 இல், உழவர் கிளர்ச்சி மூண்டபோது இதே சென்ற் ஓல்பன்ஸ் மக்கள் மடத்தின் தலைவருக்கு எதிராக எழுந்தனர். மாவரைக்கும் உரிமையும் வேட்டையாடும் உரிமையும் அவர்கள் கேட்டவற்றுள் அடங்கும். மக்களின் கைத்திருகைகளை முன்னரே பறிமுதல் செய்த மடம், அக்கற்களைத் தனது கூடத்தின் தரையிற் பதித்திருந்தது. கிளர்ச்சியாளர் அத்தரையைப் பெயர்த்தெடுத்தனர். உயிருள்ள முயல் ஒன்றைப் பிடித்து, வேட்டை உரிமையின் சின்னமாக ஊரின் தண்டனைக் கட்டையில் கட்டிவைத்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதன் முன்னோடிகளில் ஒருவரான ஜோன் போல் எனும் பாதிரியார் அவ்வூரிலேயே கொல்லப்பட்டார். 105 ஆண்டுகள் கழிந்து, அதே ஊரிலிருந்துதான் வேட்டைக்குரிய 'சரியான சொற்கள்' அச்சாகி வந்தன. முயலுக்காகத் தண்டனை அனுபவித்த ஊர், விலங்குக் கூட்டங்களின் பெயர்ப் பட்டியலால் பெயர் பெற்றது.

இதுவரை கேட்டவர்கள், இது உயர்குடியினரின் செருக்கு மாத்திரமே என முடிவு செய்யக்கூடும். ஆயின், அப்பட்டியலைத் தொடர்ந்து படித்தால் சிரிப்பு வருகின்றது. விலங்கும் பறவையும் என்று தலைப்பிட்டுவிட்டு, இடையிடையே மனிதரையும் நுழைத்து விடுகின்றார்கள். நீதிபதிகளின் கூட்டத்துக்குத் 'தீர்ப்பு' என்று பெயர். தூதுவருக்கு 'ஊக்கம்', யாழ் மீட்டுவோருக்கு 'இன்னிசை', குழலூதுவோருக்கு 'வறுமை'. மனைவியர் கூடினால் 'பொறுமையின்மை'. கன்னியர் கூடினால் 'மிகை'. துறவியர் கூடினால் 'வெறுக்கத்தக்க காட்சி'. மடத்தின் நிழலில் இருந்த ஊரில் அச்சான பட்டியல் இது என்பதை மறத்தலாகாது. பையன்களின் கூட்டத்துக்கு 'நாணிச் சிவத்தல்' எனப் பெயர். அதனை அச்சுக் கோத்த பள்ளி ஆசிரியர், தமது வகுப்பிற் கேள்வி கேட்டபோது சிவந்த முகங்களை நினைத்திருப்பார் போலும்.

ஜோன் ஹொட்ஜ்கின் எனும் ஆராய்ச்சியாளர் 1909 இல் இப்பட்டியல்களை விரிவாக ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இவற்றுட் பல தொகுதிப் பெயர்களே அல்ல என்பது அவர் கண்ட முடிவு. பையன் நாணிச் சிவப்பான் என்ற இயல்பைச் சொல்ல வந்த தொடரைப் பின்வந்தோர் கூட்டப் பெயராகக் கொண்டுவிட்டனர் என்பது அவர் தரும் விளக்கங்களில் ஒன்று. பிழையாற் பிறந்த குழப்பங்களும் உள. மீன் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' என்பர். அதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் தொடர்பில்லை. கூட்டம் எனும் பொருள்தரும் பழைய டச்சுச் சொல்லொன்றின் வழிவந்தது அது. மாறாக, நேரிய காரணமுடையனவும் இருக்கின்றன. வாத்துக் கூட்டத்தின் 'காகிள்' அதன் ஒலியிலிருந்து பிறந்தது. கௌதாரிக் கூட்டத்தின் 'கவி' என்பது அடைகாத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியது. ஒலி, பிறப்பு, இயல்பு, நையாண்டி என நான்கு ஊற்றுகள் ஒரே பட்டியலிற் கலந்துள்ளன.

ஆகவே, குலங்காட்டும் பட்டியலுக்குள் விளையாட்டு தொடக்கத்திலேயே புகுந்துவிட்டது. உயர்ந்தோர் வகுத்த விதியை ஏந்தியபடியே யாரோ ஒருவர் அதற்குள் குறும்பும் செய்திருக்கின்றார். காலப்போக்கில் குறும்பு மறந்தது, பட்டியல் நிலைத்தது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, குறும்பையும் விதியையும் பிரித்தறியாமல் நாங்கள் யாழ்ப்பாணத்தில் அடிவாங்கி மனனஞ் செய்தோம்.

அந்தக் குறும்பை உயிர்ப்பித்தவர்கள் எழுத்தாளரே. 1906 இல் சேர் ஆர்தர் கொனன் டொயில் எழுதிய 'சேர் நைஜல்' எனும் நாவலில், முதியதொரு வீரர் இளைஞனுக்கு இச்சொற்களைக் கற்பிக்கும் காட்சி வருகின்றது. சி. எஸ். லூயிஸ் தமது 1953 ஆம் ஆண்டுச் சிறுவர் நாவலில் ஓர் அத்தியாயத்துக்கு 'ஆந்தைகளின் பாராளுமன்றம்' எனத் தலைப்பிட்டார். சோசர் எனும் பழங்கவிஞரின் 'பறவைகளின் பாராளுமன்றம்' எனும் படைப்பின் பெயரைத் திரித்துச் செய்த வேடிக்கை அது. இன்று ஆந்தைக் கூட்டத்தின் பெயரே அதுதான் எனப் பலர் உறுதியாக நம்புகின்றனர். 1968 இல் அமெரிக்கரான ஜேம்ஸ் லிப்ரன், பழைய பட்டியல்களைத் திரட்டியும் புதியன புனைந்தும் 'வானம்பாடிகளின் பெருங்களிப்பு' எனும் பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். 1991 இல் அது பெரிதும் விரிவாக்கப்பட்ட பதிப்பாக வந்தது. அதன் பின்னர், அன்றாடப் பொருள்களுக்குக் கூட்டப் பெயர் சூட்டுதல் ஆங்கிலம் பேசுவோரிடையே விருந்து மேசை விளையாட்டாகியது.

இனி நமது பக்கம் திரும்புவோம். தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப் பெயர்கள் என ஒன்பதைத் தொகுத்து, எவ்விலங்கின் இளமைக்கு எப்பெயர் உரியது என வகுக்கின்றது. யானையில் ஆண் களிறு, பெண் பிடி என்பன போன்ற வழக்குகளையும் கூறுகின்றது. நிகண்டுகள் சிலவோ, முக்கனி, ஐம்பொறி என எண்ணித் தொகுத்த பெயர்களுக்குத் தமது பன்னிரண்டாந் தொகுதியை ஒதுக்கின. ஆறுமுக நாவலர் பதிப்பித்த சூடாமணி நிகண்டை நமது திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஒருகாலத்தில் மனனஞ் செய்தனர். கூட்டியும் பிரித்தும் பெயரிடுவதில் நமக்கிருந்த ஆர்வம் எவருக்கும் குறைந்ததன்று.

மரபு என்றால் என்ன என்பதற்கு நன்னூலார் விடை கூறுகின்றார். ஒரு பொருளை உயர்ந்தோர் எச்சொல்லால் எவ்வாறு வழங்கினரோ அவ்வாறே வழங்குவது மரபு என்பது அவர் கருத்து. இந்தச் சூத்திரத்தை இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கின்றேன். ஆனால் 'உயர்ந்தோர்' என்போர் யார் எனும் வினா அந்தப் பையன் என் மேசையருகே வந்து நின்ற பின்னரே என்னைச் சுட்டது. சென்ற் ஓல்பன்ஸ் பட்டியலுக்கு உயர்ந்தோர் வேட்டை நாய் வைத்திருக்க உரிமை பெற்ற நிலப்பிரபுக்கள். எனது சிவப்புப் பேனைக்கு உயர்ந்தோர் விடைத் திட்டம் தயாரித்தவர்கள். அவனுக்கு உயர்ந்தோர் அவனது அம்மம்மா. பனையோடு வாழ்ந்து, அதன் ஓலையால் வேய்ந்து, அதன் கிழங்கை அவித்துப் பிள்ளைகளை வளர்த்தவர் பனைக்கு இட்ட பெயரை, பனையை எண்ணிப் பாராத நான் வெட்டிவிட்டேன்.

கூடல் என்பது எத்துணை அழகிய சொல்! கூடி நிற்பது கூடல். தோப்பு மனிதர் நட்டது என்ற எண்ணத்தைத் தரும். கூடலில் மரங்கள் தாமாகவே ஒன்றையொன்று தேடி வந்து நிற்பது போன்ற தோற்றம் உண்டு. போர்க்காலத்தில் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்டும் எறிகணைகளால் தலையிழந்தும் அழிந்த பனைகள் பல. கூடல் இருந்த இடங்கள் சில இன்று வெறும் வெளிகளாகக் கிடக்கின்றன. மரம் அழிந்தால் மீண்டும் விதை புதைக்கலாம், வடலி எழும். பிள்ளையின் வாயில் உயிரோடிருக்கும் சொல்லை ஆசிரியரே பிழையென்று வெட்டினால், அதனை எங்கே புதைத்து முளைக்க வைப்பது?

அடுத்த வாரம் அவ்வகுப்புக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் சென்றேன். "இதனைச் சீப்பு என்று ஏன் சொல்கின்றோம்?" எனக் கேட்டேன். சற்று நேரம் பார்த்திருந்த ஒருவன், "தலை இழுக்கிற சீப்பு மாதிரி இருக்கு, சேர்" என்றான். ஆம், என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் பழவரிசையைப் பார்த்துத் தலைவாரும் சீப்பை நினைத்திருக்கின்றார். ஆங்கிலேயர் அதிலே கையைக் கண்டு 'ஹாண்ட்' என்றனர். ஒவ்வொரு பழத்தையும் விரல் என்றனர். இருசாராரும் கண்ணாற் கண்டு விளையாடியே பெயரிட்டனர். விடைத் திட்டத்திலுள்ள சொல்லும் முன்னொரு காலத்தில் ஒருவரின் விளையாட்டுத்தான் என்று அவர்களுக்குச் சொன்னேன். பின்னர், பனங்கூடலை வெட்டியது எனது பிழை என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, அந்தப் புள்ளியை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன். பொதுப் பரீட்சைக்காகத் தோப்பு எனும் சொல்லையும் அறிந்திருங்கள், ஆனால் கூடல் பிழையென்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள் என்றேன்.

அதன்பின் விளையாட்டு ஆரம்பித்தது. அன்றாடம் காணும் பொருள்களின் கூட்டத்துக்குப் புதிய பெயர் சூட்ட வேண்டும். ஏன் அப்பெயர் என்று காரணமும் சொல்ல வேண்டும். கோயில் வாசலிற் கழற்றிவிட்ட செருப்புகளுக்குச் 'செருப்புக் குழப்பம்' என்றான் ஒருவன். ரியூசன் வாசலில் வரிசையாக நிறுத்திய சைக்கிள்களில் ஒன்று தட்டுப்பட்டால் எல்லாம் விழுவதால் 'சைக்கிட் சரிவு'. பஸ்ஸில் விட்டுவந்த குடைகளுக்குக் 'குடை மறதி'. கலியாண வீட்டில் கூடியிருந்து யார் மகன், என்ன படிக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு 'மாமிமார் விசாரணை'. ஆங்கிலேயர் காகக் கூட்டத்தைக் கொலை என்பதை நான் சொன்னபோது ஒருவனுக்குக் கோபமே வந்துவிட்டது. விரதச் சோறு வைத்துக் கூப்பிட்டால் வந்து வரிசையாக இருந்து சாப்பிடும் காகத்துக்குக் 'காகப் பந்தி' என்பதே பொருத்தம் என்றான். அதே பறவைதான், பார்த்த மனிதர் வேறு.

கடைசியாக, பனங்கூடலை எழுதியவனின் கை உயர்ந்தது. "காஸ் சிலிண்டருக்கு 'சிலிண்டர்ப் பொறுமை', சேர்" என்றான். வகுப்பு சிரித்தது. நான் காரணம் கேட்டேன். "அந்த வரியிசையில அம்மாவோட நானும் நிண்டனான். சங்கிலி போட்டுக் கட்டிப்போட்டு இரவிரவா இருந்தனாங்கள். கடைசியா முடிஞ்சுதெண்டு சொல்லிப்போட்டினம்" என்றான். 2022 ஆம் ஆண்டில் இந்நாட்டின் தெருவோரங்களில் வெற்றுச் சிலிண்டர்கள் வரிசையாக நின்ற காட்சியை நாம் எல்லோரும் கண்டோம். அதைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்தன. நானும் ஒன்று எழுதினேன். தாயோடு அங்கு நின்ற பிள்ளை அதனை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டான். சிரித்த பிள்ளைகளும் அடங்கிவிட்டனர். அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுமாறு வெண்கட்டியை அவனிடம் கொடுத்தேன்.

நேயர்களே, இப்போது விடைத்தாள் திருத்தும்போது எனது மேசையில் ஒரு சிறிய கொப்பி இருக்கின்றது. விடைத் திட்டத்தில் இல்லாத, ஆனால் ஊரில் உயிரோடிருக்கும் சொல்லொன்று தாளில் வந்தால் அதனை வெட்டுவதற்கு முன்னர் அதிற் குறித்துக்கொள்கின்றேன். கீரைப் பிடி, மீன் கூறு, மாட்டுப் பட்டி எனப் பக்கங்கள் நிரம்பி வருகின்றன. முதலாம் பக்கத்தின் முதலாம் வரியில் இருப்பது பனங்கூடல்.

இன்றிரவு உணவருந்தும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுடன் இவ்விளையாட்டை ஆடிப் பாருங்கள். அம்மம்மாவையும் அப்பாச்சியையும் அழைத்து உட்கார வையுங்கள். புதிய சொற்கள் பிள்ளைகளிடமிருந்து வரும். நாம் மறந்த சொற்கள் அவர்களிடமிருந்து வரும். இரண்டையும் எழுதி வையுங்கள்.